சின்னக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தாலுகா ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவர்கள் பலர், "பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே" என்ற வருத்தத்திலேயே முதல் வருடத்தைக் கழிக்கிறார்கள். துறையில் நான்கைந்து ஆசிரியர்கள்தான், விருப்பப் பாடம் என்று தேர்ந்தெடுக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. உண்மைதான். ஆனால் மூன்று வருடத்தை வீணாக்குவது அது அல்ல, நம் படிக்கும் முறை.

அதில் முதலாவது, புக் ஒர்க்கை, அதாவது பாடநூலில் உள்ள தேற்றம், நிரூபணங்களை, உருப்போடுவது. பத்து மதிப்பெண் கேள்வியில் தேற்றமும் நிரூபணமும் அப்படியே வரும். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் எது வரும் என்றும் ஓரளவு தெரிந்துவிடும். வரி மாறாமல் எழுதினால் மதிப்பெண் நிச்சயம். கணிதம் வந்ததா என்பது வேறு கேள்வி.

லெக்ராஞ்சு தேற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குரூப் என்பது பெருக்கல் போன்ற ஒரு செயலோடு சில விதிகளுக்கு உட்பட்ட கணம், அதற்குள்ளேயே அடங்கும் சின்ன குரூப்தான் சப்குரூப். முடிவுள்ள ஒரு குரூப்பில், சப்குரூப்பின் உறுப்பு எண்ணிக்கை குரூப்பின் எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்கும். நிரூபணத்தைக் கடகடவென்று எழுதுபவரிடம், "12 உறுப்புள்ள குரூப்பில் 6 உறுப்புள்ள சப்குரூப் கட்டாயம் இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "இருக்கும்" என்பார். ஏ4 குரூப்பில் கிடையாது. 1, 2, 3, 4 ஆகிய எண்களின் ஈவன் பெர்முடேஷன்கள் (இரண்டிரண்டு எண்களை இரட்டைப்படைத் தடவை இடம் மாற்றிக் கிடைக்கும் வரிசை மாற்றங்கள்) 12 சேர்ந்ததுதான் ஏ4. அதில் 6 உறுப்புள்ள சப்குரூப் இருந்தால் அது சரிபாதி. சரிபாதி சப்குரூப் என்றால் குரூப்பின் ஒவ்வொரு உறுப்பின் வர்க்கமும் அதற்குள் வந்தாக வேண்டும் (சப்குரூப்பை ஓர் உறுப்பால் பெருக்கினால் கிடைக்கும் கோசெட்டை வைத்து நீங்களே பாருங்கள், இரண்டு வரிதான்). மூன்று எண்களைச் சுழற்றும் பெர்முடேஷன் ஒவ்வொன்றும் இன்னொன்றின் வர்க்கம், அதாவது இன்னொன்றை இருமுறை செய்தால் கிடைப்பது. ஏ4-இல் அப்படி 8 இருக்கின்றன. ஆறு இடத்தில் எட்டு எப்படி அடங்கும்?

இதை ஒருமுறை சொந்தமாகச் செய்து பார்த்தவருக்கு லெக்ராஞ்சு தேற்றம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது மறக்காது. எந்தத் தேற்றம் படித்தாலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, நிரூபணம் எந்த வரியில் உடைகிறது என்று தேடுங்கள். இரு முனைகளையும் சேர்த்த மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது. 'மூடிய' என்பதை விட்டுவிட்டால்? 0-க்கும் 1-க்கும் இடையில் 1/x என்ன ஆகிறது என்று வரைந்தாலே போதும்.

கைடைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதும் இதே வகைதான். விடையைப் பார்க்குமுன் அரை மணி நேரமாவது முட்டி மோதுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லை, தொடர்ச்சி வரையறைகளில் எப்சிலான், டெல்டா என்று ஆங்கிலத்தில் வருவதை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். "எவ்வளவு சின்ன எப்சிலான் கொடுத்தாலும் அதற்கேற்ற டெல்டா ஒன்றை என்னால் காட்ட முடியும்" என்று தமிழில் யோசியுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாய்மொழியில் யோசிப்பதால் கணிதம் ஒன்றும் குறையாது.

அடுத்து, ஆசிரியர்களிடம் பேசாமல் இருப்பது. முப்பது பேர் வகுப்பில் ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், மதியத்துக்கு மேல் துறை அறைக்குப் போனால் ஆளும் இருப்பார். "சார், இந்த நிரூபணத்தில் இந்த வரி ஏன்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷப்படுவார்கள். உடனே விடை தெரியாவிட்டாலும் உங்களோடு உட்கார்ந்து யோசிப்பவர் அமைந்துவிட்டால், அதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை. சின்னக் கல்லூரியின் பலமே இதுதான். இதை யாரும் பயன்படுத்திக்கொள்ளாததுதான் எனக்கு ஆதங்கம்.

கடைசியாக, எம்.எஸ்சி. பற்றி மூன்றாம் ஆண்டு முடியும்போது யோசிப்பது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். பல கல்லூரிகளில் லீனியர் அல்ஜீப்ரா ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில்தான் வருகிறது. ஜாமில் அது முக்கியப் பகுதி. கல்லூரி நடத்தும்வரை காத்திருந்தால் நேரம் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையக் காணொளிகளை வைத்துத் தொடங்குங்கள், இலவசம்தான். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அதில் நிரூபணம் எழுத வேண்டும், உருப்போட்டது உதவாது. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சிக் கோடை முகாமுக்கும் விண்ணப்பியுங்கள். அங்கே கேள்வி கேட்டுக் கேட்டே பாடம் நகரும். பி.எட். முடித்துப் பள்ளிக்குத்தான் போகப் போகிறேன் என்பவர்களும் போகலாம், நாளைக்கு "ஏன் சார்?" என்று கேட்கும் பிள்ளைகள் அவர்கள் வகுப்பிலும் இருப்பார்கள்.