அம்மாவின் ஒரே போனில் பிள்ளையின் திரை நேரத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

பிள்ளைகளின் போன் நேரத்தைக் குறைக்கச் சொல்லித்தரும் வீடியோக்களில் முக்கால்வாசி, பிள்ளையிடம் தனியாக ஒரு டெப்லெட் இருக்கிறது என்ற நினைப்பில்தான் தொடங்கும். திருகோணமலையில் நான் பார்க்கும் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அம்மாவின் போன்தான். முன்பள்ளி ரீச்சரின் வட்ஸ்அப் குழு, கரண்ட் பில், கனடாச் சித்தியின் அழைப்பு, கடைசியில் மகனின் கார்ட்டூன். கீழே சொல்வது அந்த ஒரே அன்ட்ரொய்ட் போனுக்கான வழி.

கூகுள் ஃபமிலி லிங்க் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல ஆப்தான். ஆனால் அது பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, அந்தக் கணக்கு ஓடும் கருவியைக் கட்டுப்படுத்துவது. உங்கள் கணக்கு ஓடும் போனில் அதற்கு வேலை இல்லை. பிள்ளைக்குத் தனி டெப்லெட் வாங்கும் நாளில் போடுங்கள்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019 வழிகாட்டல், 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. 3, 4 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கமும், நாள் முழுவதும் சேர்த்து 3 மணித்தியாலமாவது ஓடியாடுவதும் அதே வழிகாட்டலில் உண்டு. கனடாச் சித்தியோடு பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளை அங்கே ஒரு ஆளோடு கதைக்கிறது.

படி 2: யூரியூப் கிட்ஸ். சாதாரண யூரியூப்பைப் பிள்ளையிடம் கொடுக்கவே வேண்டாம், ஷோர்ட்ஸ் ஒன்றே போதும் ஒரு பின்னேரத்தைத் தின்ன. கிட்ஸ் ஆப்பை இறக்கி, உங்கள் கணக்கில் நுழைந்து, பிள்ளைக்கு ஒரு புரொஃபைல் செய்யுங்கள். வயதுப் பிரிவு கேட்கும் இடத்தில், வீடியோக்களை நீங்களே தெரிவு செய்யும் வசதியும் இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். நாலைந்து சனல்களைப் போட்டுவிட்டால் பிள்ளை அதற்குள்ளேயே சுற்றும்.

அப்புறம் திரையின் மூலையில் உள்ள பூட்டுப் படத்தைத் தொடுங்கள். பெற்றோர்தானா என்று பார்க்க ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும். வாய்ப்பாடு பாடமான பிள்ளைக்கு அது ஒரு பூட்டே இல்லை! அங்கேயே சொந்தப் பாஸ்கோட் போடும் வழி இருக்கிறது, அதைப் போடுங்கள். ரைமரும் அந்தப் பூட்டுக்குள்தான். நேரம் முடிந்ததும் ஆப் தானாகவே பூட்டிக்கொள்ளும். போனைப் பறித்த பழி உங்கள் தலையில் விழாது.

படி 3: ஆப்பை 'பின்' செய்வது, அதாவது போன் அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே போகாதபடி நிறுத்தி வைப்பது. எங்கள் வீட்டில் எல்லாம் குழம்பிய இடம் இது. கிட்ஸ் ஆப்பைப் பூட்டியாயிற்று. சரி, பிள்ளை அதைவிட்டு வெளியே வந்து கலரியையும் வட்ஸ்அப்பையும் திறந்தால்? செற்றிங்ஸில் செக்யூரிற்றிக்குள் 'ஆப் பின்னிங்' அல்லது 'பின் ஆப்' என்று ஒன்று இருக்கும் (சாம்சங்கில் இன்னும் ஒரு படி உள்ளே). அதை இயக்கினால் மட்டும் போதாது. அதற்குக் கீழே, வெளியேறும்போது போன் பூட்டின் இரகசிய இலக்கத்தைக் கேட்கவா என்று இன்னொரு சின்ன பட்டன் இருக்கும். அதையும் போட வேண்டும். போடாவிட்டால், எப்படி வெளியேறுவது என்று போனே திரையில் எழுதிக் காட்டும். என் மகனுக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. இருந்தும் விரலை அடியிலிருந்து மேலே இழுத்துப் பிடித்து வெளியே வந்துவிட்டான்.

இரண்டும் போட்ட பிறகு கிட்ஸ் ஆப்பைத் திறந்து, அண்மையில் திறந்தவை வரும் திரைக்குப் போய், ஆப்பின் தலையில் உள்ள படத்தைத் தொட்டு 'பின்' கொடுங்கள். போன் பூட்டுக்கு எண்களையே வையுங்கள். கோடு இழுக்கும் பற்றர்ன் வேண்டாம். முறுக்குத் தின்ற கையோடு நீங்கள் இழுத்த கோடு, போனைச் சரித்துப் பிடித்தால் கண்ணாடியில் அப்படியே தெரியும்.

படி 4: வீட்டுப்பாடம். ரீச்சர் வட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கொப்பியில் எழுதிப் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. வீட்டுப்பாடம் பார்க்க என்று கைக்குப் போகும் போன் லேசில் திரும்பி வராது.

படி 5: திரை அணைந்த பிறகு. ரைமர் முடிவதை வெளியே கிளம்பும் நேரத்தோடு பொருத்துங்கள். நாங்கள் வெயில் தணிந்ததும் டச்பே கடற்கரைக்குப் போகிறோம், இல்லையென்றால் கோட்டைப் பக்கம் மான் பார்க்க. "போன் முடிஞ்சுது" என்பதைவிட "மான் பார்க்கப் போவமா?" என்பதற்கு அழுகை குறைவு. மழைக் காலத்தில் இது சரிவராது. அப்போது சமையலறையில் பயற்றங்காய் முறிக்கக் கொடுப்பேன், பாதி நிலத்தில்தான் கிடக்கும்.

பின்சேர்க்கை: இதை வாசித்துவிட்டு கிண்ணியாவிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "எங்கட போனில எல்லாம் சரி தங்கச்சி, உம்மம்மாட போனில என்ன செய்யிற?" நியாயமான கேள்வி. அந்தப் போனிலும் படி 2, 3 இரண்டையும் செய்யுங்கள். கிட்ஸ் பாஸ்கோடை மட்டும் உம்மம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், பேரன் ஒரு முத்தத்தில் வாங்கிவிடுவான்.