பழைய ஜிஎம்சி மோட்டார்ஹோமில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் மாட்டுவது எப்படி

ஆகஸ்ட் மாதம், மதியம் இரண்டு மணி. கலிஃபோர்னியாவில் பேக்கர் என்ற சின்ன ஊரைத் தாண்டி லாஸ் வேகாஸ் பக்கம் போகும் நீண்ட ஏற்றத்தில் என் 1975 ஜிஎம்சி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே வீடு போல வசதி உள்ள வண்டி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை, விட்டால் கொஞ்சம் தெளிகிறது, மறுபடி மிதித்தால் அடைக்கிறது, கடைசியில் ரோட்டோரம் நின்றேவிட்டது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. இந்த வண்டியை வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கதை புதிதல்ல. பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, அதுதான் வேப்பர் லாக். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்துக் கழுவினாலும் இது போகாது, ஏனென்றால் நோய் அங்கே இல்லை.

1973 முதல் 1978 வரை வந்த இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஓல்ட்ஸ்மொபைல் 455 வி8, அதாவது ஏழரை லிட்டர் எஞ்சின். 1977 நடுவிலிருந்து 403 கன அங்குல எஞ்சின். முன்சக்கர இழுவை, ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். பெட்ரோல் பம்ப் எஞ்சினின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறது, டேங்குகள் தரைக்கு அடியில் பின்னால் தள்ளி இருக்கின்றன. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த பம்ப் பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது லைனுக்குள் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரமே கொதிக்கும், அதில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். பம்பும் எஞ்சின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆவியை அதனால் தள்ள முடியாது. இன்ஜெக்‌ஷனில் (கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) பம்ப் டேங்குப் பக்கம் போய்விடும், பெட்ரோல் கிட்டத்தட்ட 58 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு) அழுத்தத்தில் முன்னால் தள்ளப்படும், அந்த அழுத்தத்தில் அது அவ்வளவு எளிதில் கொதிக்காது. ஆகவே இந்த வேலையை முடிவு செய்யும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கார்புரேட்டரின் இடத்தில் மேலே மாட்டும் பளபளப்பான த்ராட்டில் பாடி ஒரு சனிக்கிழமை வேலைதான், டேங்கிலிருந்து அதுவரை வரும் குழாயும் வயரும்தான் உண்மையான வேலை. பணமும் நேரமும் அங்கேதான் போக வேண்டும்.

மைலேஜுக்காக மட்டும் என்றால் வேண்டாம். இந்த வண்டி கேலனுக்கு எட்டிலிருந்து பத்து மைல் தரும், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக. இன்ஜெக்‌ஷன் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது, பெட்டி மாதிரி ஐந்து டன் வண்டியைக் காற்றைக் கிழித்துத் தள்ளும் செலவு அது. கிடைப்பது வேறு. குளிர்காலையில் சோக் தொல்லை இல்லாமல் ஸ்டார்ட் ஆகும். கொலராடோவில் 11,000 அடி உயரத்தில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும்போதும், இறங்கிக் கடற்கரைக்கு வரும்போதும் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். வெயிலில் நிற்காது. எனக்கு அது போதும்.

கிட் வாங்குவதற்கு முன்னால் எஞ்சினைப் பாருங்கள். எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளந்து பாருங்கள். டைமிங் செயினை இதுவரை மாற்றவில்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள், ஏனென்றால் ஓல்ட்ஸில் அந்தக் காலத்து கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கு நைலான் உறை, வயதானால் அது உடைந்து ஆயில் சம்ப்பில் விழுந்து ஆயில் பம்பின் வாயை அடைக்கும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இந்த எஞ்சின்களில் அது அடிக்கடி வரும். மானிஃபோல்ட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து, புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்றும், கலவையில் பெட்ரோல் குறைவு என்று கணினி நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றும். தளர்ந்த எஞ்சினை இன்ஜெக்‌ஷன் குணப்படுத்தாது.

இன்னொன்று, கலிஃபோர்னியாவில் பதிவு செய்த வண்டி என்றால்: 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனை கிடையாது. 1976 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அந்த மாநிலத்தின் அனுமதி எண் உள்ள கிட் மட்டுமே வாங்குங்கள்.

கிட் விஷயத்தில் இரண்டு வழி. ஒன்று, எண்பதுகளின் இறுதியில் ஷெவி 454 எஞ்சினில் வந்த த்ராட்டில் பாடியை பழைய உதிரிபாகக் கடையில் எடுத்து ஓல்ட்ஸுக்கு ஏற்றபடி மாற்றுவது. மலிவு, உறுதி, குறைந்த அழுத்தமே போதும், ஆனால் கணினியின் சிப்பை யாராவது எழுதித் தர வேண்டும். இரண்டு, ஹோலி ஸ்னைப்பர், ஃபைடெக் போல, கணினியும் த்ராட்டில் பாடியும் ஒன்றாக வந்து, ஓட்ட ஓட்டத் தானே கற்றுக்கொள்ளும் வகை. முதல் முறை செய்பவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். குவாட்ராஜெட்டின் முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் பெரியவை, ஆகவே நான்கு துளையும் ஒரே அளவான த்ராட்டில் பாடி என்றால் நடுவில் அடாப்டர் பிளேட் வேண்டும், அல்லது குவாட்ராஜெட் அமைப்பிலேயே வருவதை வாங்கிவிடுங்கள். எப்படியானாலும் உயரத்தை அளந்துபாருங்கள். எஞ்சின் முன் சீட்டுகளுக்கு இடையே தரைக்கடியில் இருக்கிறது, அடாப்டரும் ஏர் கிளீனரும் சேர்ந்து மேலே போனால் மூடி மூடாது.

இனி பெட்ரோல் லைன். இந்த வண்டியில் இரண்டு டேங்க், மொத்தம் 50 கேலன், ஏறத்தாழ 190 லிட்டர். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அது ஒரு மின்வால்வைத் திருப்பி எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்கிறது. கார்புரேட்டர் காலத்தில் இது போதும், வேண்டிய அளவுதான் உறிஞ்சப்படும். இன்ஜெக்‌ஷன் பம்ப் அப்படி இல்லை. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹைவேயில் எஞ்சின் குடிப்பது மணிக்கு 25 லிட்டர்தான், மீதி 230 லிட்டரும் ரிட்டர்ன் லைனில் டேங்குக்குத் திரும்புகிறது. எந்த டேங்குக்கு? நான் முதல் முறை அதை யோசிக்காமல் ரிட்டர்னை மெயின் டேங்கில் மட்டும் இணைத்துவிட்டேன். இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு இரண்டாவது டேங்கில் ஓட்டிப் போனபோது, அந்தப் பெட்ரோலெல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்த மெயின் டேங்கில் போய் விழுந்து வென்ட் வழியாக ரோட்டில் வழிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

ஆகவே எடுக்கும் டேங்குக்கே திரும்ப வேண்டும். அதற்கு ஆறு துளை வால்வு இருக்கிறது, சப்ளையையும் ரிட்டர்னையும் ஒரே நேரத்தில் திருப்பும். ஆனால் அந்த வால்வை 58 பிஎஸ்ஐ லைனில் வைக்கக் கூடாது. நான் பிறகு செய்தது இதுதான், இன்றுவரை கோளாறு இல்லை: இரண்டு டேங்கிலிருந்தும் லைன் ஆறு துளை வால்வுக்கு வருகிறது, அங்கிருந்து குறைந்த அழுத்த பம்ப் ஒன்று, ஐந்தாறு பிஎஸ்ஐதான், இடையில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் ஒரு சின்ன சர்ஜ் டேங்கை நிரப்புகிறது. அந்த சர்ஜ் டேங்கிலிருந்து உயர் அழுத்த பம்ப் எடுத்து எஞ்சினுக்கு அனுப்புகிறது, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் ரிட்டர்ன் சர்ஜ் டேங்குக்கே வந்துவிடுகிறது. சர்ஜ் டேங்கின் உச்சியிலிருந்து வழிவது மட்டும் வால்வின் வழியாக, எடுத்த டேங்குக்கே போகிறது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் சர்ஜ் டேங்கில் எப்போதும் இருப்பதால் எஞ்சின் திணறாது. இதையெல்லாம் வண்டியின் அடிச்சட்டத்தில், டேங்குக்குப் பக்கத்தில், சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி வைத்தேன். சர்ஜ் டேங்கை எஞ்சின் அருகில் வைக்க வேண்டாம். சூட்டைத் தப்பிக்கத்தானே இந்தப் பாடு.

வேலையைத் தொடங்கும் முன் இது ஒரு வீடும்கூட என்பதை மறக்காதீர்கள். எல்பி கேஸை சிலிண்டரிலேயே மூடுங்கள், ஃப்ரிட்ஜின் பைலட் சுடரும் வாட்டர் ஹீட்டரும் அணைந்ததா என்று கண்ணால் பாருங்கள், எஞ்சின் பேட்டரி, உள்வசதிகளுக்கான வீட்டுப் பேட்டரி, இரண்டின் நெகட்டிவையும் கழற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஓனன் ஜெனரேட்டருக்கும் பெட்ரோல் இதே டேங்கிலிருந்துதான் போகிறது, அதற்கு இன்னும் கார்புரேட்டர்தான், ஆகவே அதன் லைனை அப்படியே தனியாக விடுங்கள். அவசரத்தில் அதை உயர் அழுத்த லைனில் சேர்த்தால் ஜெனரேட்டர் பெட்ரோலில் மூழ்கிவிடும்.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டது வேண்டும், அல்லது பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கும் துண்டுக்கு 30ஆர்10, அது வேறு. கிளாம்ப்பும் இன்ஜெக்‌ஷனுக்கென்று உள்ளது, துளை போட்ட சாதாரண கிளாம்ப் ஹோஸைக் கடித்துவிடும். நீண்ட தூரத்துக்கு ஹோஸ் இழுக்காமல் இரும்புக் குழாய் போடுங்கள், அசைவு இருக்கும் இடத்தில் மட்டும் ஹோஸ். உயர் அழுத்த பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான். டேங்கை இறக்கும்போது உள்ளே கழுவிவிட்டு, ஐம்பது வயதான வென்ட் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், மறுபடி இறக்க மனம் வராது. பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி, அந்த இடத்தில் பேக்கிங்கோடு ஒரு மூடி போடுங்கள்.

அடுத்து வயரிங். கணினியின் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக எஞ்சின் பேட்டரியின் முனைக்கே போக வேண்டும். ஸ்டார்ட்டரிலோ ஆல்டர்னேட்டரிலோ ஒட்டக் கூடாது, வீட்டுப் பேட்டரியில் சேர்க்கவே கூடாது. சாவியால் வரும் 12 வோல்ட் லைனை மீட்டரால் சோதியுங்கள்: சாவி ஆனில் இருக்கும்போதும் வர வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் வர வேண்டும். பழைய பாயிண்ட் இக்னிஷன் வண்டி என்றால் காயிலுக்குப் போகும் வயரே ரெசிஸ்டன்ஸ் வயர், அதிலிருந்து எடுத்தால் கணினிக்கு வோல்டேஜ் போதாது. பம்புகளுக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ், நல்ல தடிமனான வயர், அடிச்சட்டத்தை நம்பாமல் தனி எர்த். இடித்தால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் கட்டாயம். ஸ்பார்க் பிளக் வயர் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும், கணினி வயர்களை அதிலிருந்தும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தும் ஒதுக்கிக் கட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் ஆஃப் ஆகும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மின் இரைச்சல்தான்.

ஆக்ஸிஜன் சென்சாரை மானிஃபோல்டுக்குப் பின்னால், நான்கு சிலிண்டரின் புகையும் சேர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பைப்பின் மேல்பாதியில், கிடைக்கோட்டுக்குப் பத்து டிகிரியாவது மேலே, இல்லையென்றால் தண்ணீர் தேங்கி சென்சார் போய்விடும். வெல்டிங் செய்யும்போது சென்சார் அதில் இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு அதற்குக் கரண்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டவும் கூடாது.

மேலே மாட்டும்போது வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக் கழற்றுங்கள். பிரேக் பூஸ்டர், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி வால்வு, இதோடு கியர்பாக்ஸின் வேக்குவம் மாடுலேட்டர், அதற்கு மானிஃபோல்ட் வேக்குவம் கிடைக்கவில்லை என்றால் கியர் தாமதமாகவும் உதைத்தும் விழும். பெடலை அழுத்தினால் கீழ் கியருக்கு இறக்கும் கிக்டவுன் சுவிட்ச் முன்போல வேலை செய்கிறதா, பெடலை முழுதாக மிதித்தால் உள்ளே காற்று விடும் கதவான பட்டர்ஃப்ளை முழுதாகத் திறக்கிறதா, விட்டால் தானே மூடுகிறதா என்று இன்னொருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். இக்னிஷன் டைமிங்கை இப்போதைக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடமே விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

சரி, ஸ்டார்ட் செய்யலாம். சாவியை ஆன் மட்டும் செய்து, பம்ப் அழுத்தம் ஏற்றியதும் ஆஃப் செய்யுங்கள், இப்படி நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் டார்ச் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிறகு கணினியில் எட்டு சிலிண்டர், 455, சாதாரண கேம், ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம்) நிமிடத்துக்கு 650 அல்லது 700 சுற்று என்று கொடுங்கள். கலவை இலக்கு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைப்படி எத்தனை பங்கு காற்று) ஐடிலில் 13.5 முதல் 14 வரை, சமதளத்தில் 14 சொச்சம், ஏற்றத்தில் 12.5 பக்கம். மைலேஜ் ஆசையில் ஏற்றத்துக்கான எண்ணைக் கூட்டாதீர்கள், இந்த எடைக்கு எஞ்சின் சூடேறி வால்வு போகும்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடில் காற்று வால்வு எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலிருந்து பத்துக்குள் வரும்வரை பட்டர்ஃப்ளை ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சாவியை அணைத்துப் போட்டு, த்ராட்டில் சென்சார் பூஜ்யம் காட்டுகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்தும் வால்வு பூஜ்யத்திலேயே நின்று ஐடில் அதிகமாக இருந்தால் எங்கேயோ வேக்குவம் கசிகிறது, பெரும்பாலும் அந்த அடாப்டர் பிளேட்டின் அடியில்தான். அதைச் சரிசெய்யாமல் கற்றுக்கொள்ளவிட்டால் கணினி தப்பையே கற்றுக்கொள்ளும்.

பிறகு ஓட்டுங்கள். முதல் நாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, டிராஃபிக், ஹைவே, ஒரு ஏற்றம் என்று எல்லா வகையிலும், கால் சீராக, ஒரு மணி நேரம். திரும்பி வந்து ஆறியதும் எல்லா கிளாம்ப்பையும் மறுபடி பாருங்கள். முதல் 500 மைலில் ஃபில்டரை மாற்றுங்கள், கழுவிய டேங்காக இருந்தாலும் துரு வரும். நான் வண்டியில் எப்போதும் ஒரு உயர் அழுத்த பம்ப், ஒரு ரிலே, இரண்டு ஃபில்டர், ஒரு முழம் 30ஆர்9 ஹோஸ் வைத்திருக்கிறேன். மாட்டிய அடுத்த ஆகஸ்டில் அதே பேக்கர் ஏற்றத்தில், வெளியே 43 டிகிரி, ஏசி மட்டும் அணைத்துவிட்டு ஏறினேன். நிற்கவில்லை.