குழந்தைகளோடு தாய்லாந்து கடற்கரைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குடும்பத்தோடு தாய்லாந்து போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து மே மாதம் லீவு. தாய்லாந்தின் மேற்குப் பக்கத் தீவான புக்கெட்டில் அந்த மாதம் ஹோட்டல் வாடகையும் குறைவு. உடனே பணம் கட்டிவிடுகிறோம். வாடகை ஏன் குறைகிறது என்று யோசிப்பதில்லை. மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். பட்டோங், கரோன், கட்டா மூன்றும் மேற்கே பார்த்த கடற்கரைகள் என்பதால் அலை நேராக வந்து மோதும். மழையைக்கூடச் சமாளித்துவிடலாம், கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் வெயில் அடிக்கும் நாளிலும் கடல் அடங்காது. பளிச்சென்ற வானத்துக்குக் கீழே சிவப்புக் கொடி பறக்கும். குழந்தை வாளியும் கையுமாக நின்று அழும்.

கோடை லீவில்தான் போக முடியும் என்றால் கோ சமுய் தீவைப் பாருங்கள். அது கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். சமுய்க்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிட்டத்தட்ட நம் சென்னை மாதிரியே. ஆக, அரையாண்டு லீவுக்குப் புக்கெட், முழுஆண்டு லீவுக்குச் சமுய் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கொடி. சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கக்கூடாது. முழங்கால் அளவு மட்டும் என்ற சமாதானமும் வேண்டாம்; மூன்று வயதுக் குழந்தைக்கு உங்கள் முழங்கால் என்பது கிட்டத்தட்ட இடுப்பளவு. பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைத்தான் உயிர்காப்பாளர்கள் கவனிக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிக் கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போவது ஆபத்து. அலைகள் வரிசையாக உடைந்து நுரைக்கும்போது, நடுவில் ஓர் இடம் மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். இங்கே அலையே இல்லையே என்று அங்கேதான் குழந்தையை இறக்கத் தோன்றும். ஆனால் கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் பாயும் வழி அது. பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

காற்று ஊதிய ரப்பர் வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள் மட்டுமே. சமுய் போன்ற அமைதியான கடலில் இவற்றால் வேறு ஒரு சிக்கல் உண்டு. கோடையில் தென்மேற்குக் காற்று தீவைத் தாண்டி வந்து, கிழக்கே இருக்கும் சாவெங் கடற்கரைப் பக்கம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். வளையமோ சத்தமில்லாமல் வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். அளவு சரியான லைஃப் ஜாக்கெட் ஒன்றை ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். நீச்சலுடை நீலமாகவோ வெள்ளையாகவோ வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பளீர் ஆரஞ்சு நல்லது.

தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம் என்று பத்துப் பேர் போனால் குழந்தையைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று எல்லோருமே நினைத்துக்கொள்வார்கள். சின்னக் குழந்தை மூழ்கும்போது கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. அதனால் இந்த அரை மணி நேரம் நான், அடுத்த அரை மணி நேரம் நீ என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். முறை வந்தவர் கையில் போன் இருக்கக்கூடாது. அப்புறம், அவர் தண்ணீரில் பாய்ந்து இறங்கும் உடையில் இருக்க வேண்டும். நனைந்த புடவையும் துப்பட்டாவும் காலைச் சுற்றிக்கொள்ளும். இதைக் கூச்சம் பார்க்காமல் வீட்டிலேயே பேசிவிடுவது நல்லது.

சமுய் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் உண்டு. அரிதுதான், ஆனால் அதன் கொட்டு உயிரையே எடுக்கக்கூடியது. கை கால் முழுவதும் மூடிய நீச்சலுடை குழந்தைக்குக் கட்டாயம் போடுங்கள். வெயிலுக்கும் அதுவே காப்பு. பல கடற்கரைகளில் ஒரு கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். போனவுடன் அது எங்கே என்று பார்த்துவையுங்கள். கொட்டிய இடத்தில் அரை நிமிடமாவது வினிகரை ஊற்ற வேண்டும். தேய்க்கவோ நல்ல தண்ணீரில் கழுவவோ கூடாது. மருத்துவ அவசரத்துக்கு 1669, சுற்றுலா போலீசுக்கு 1155. இரண்டு எண்களையும் போனில் போட்டுவையுங்கள்.

நம் பிள்ளைகள் நிறம் வெயிலைத் தாங்கும் என்று சன்ஸ்கிரீன் போடாமல் விடுவதும் தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழல்தான் சரி. கடல்சார் தேசியப் பூங்காக்களில் பவளப்பாறையைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை இருக்கிறது. டியூபில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

சைவக் குடும்பம் என்றால், வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் மீன் சாஸ் சேர்ந்து வந்துவிடும். "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் இந்தச் சொல்லை எழுதிய கடைகளில் முட்டை, மீன் எதுவும் இருக்காது. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

கடைசியாகத் தீவுச் சுற்றுலா. புக்கெட்டிலிருந்து பி பி தீவுகளுக்கு ஸ்பீட் போட்டில் முழுநாள் கூட்டிப்போவார்கள். படகு தூக்கித் தூக்கிப் போடும். கைக்குழந்தைக்கு அது ஆகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பெரிய பயணிகள் படகில் போய் ஒரே தீவில் இறங்கி ஆற அமர இருந்துவிட்டு வாருங்கள். பி பி தீவுகளில் இருக்கும் மாயா விரிகுடாவில் நீந்த முடியாது. கூட்டத்தால் பவளம் அழிந்ததால் 2018இல் மூடி, 2022இல்தான் திறந்தார்கள். இப்போது ஓரமாகக் காலை நனைக்கலாம், அவ்வளவுதான். அங்கே விளையாடலாம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காதீர்கள்.