அத்தான் போட்ட பந்தலுக்கும் கணக்கு உண்டு: சுயேச்சை வேட்பாளருக்கு வரும் நன்கொடையை எழுதுவது எப்படி

2021 சட்டமன்றத் தேர்தலில் சித்தப்பா அம்பாசமுத்திரம் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். ஜெயிக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கணக்கு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மனு போடுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரே பணத்துக்கு வருகிறேன்.

படி 1: புதுக் கணக்கு

மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாக, தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். பழைய கணக்கு ஆகாது. வேட்பாளர் பெயரில் இருக்கலாம், இல்லாவிட்டால் தேர்தல் முகவரோடு (வேட்பாளர் தன் சார்பில் தேர்தல் வேலை பார்க்க முறைப்படி நியமிக்கும் ஆள்) கூட்டாக இருக்கலாம். சித்தப்பா சித்தியைச் சேர்க்கப் பார்த்தார். சித்தி முகவர் இல்லையே, அதனால் முடியாது. கூட்டுறவு வங்கியோ தபால் நிலையமோ கூடப் போதும். என் யோசனை: செக் புத்தகம் எங்கே சீக்கிரம் தருவார்கள் என்று கேட்டுவிட்டு அங்கே தொடங்குங்கள்.

படி 2: பதிவேடு

மனு கொடுக்கும்போது ஒரு பதிவேடு தருவார்கள். வெள்ளைப் பக்கம் தினசரிக் கணக்குக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. மனுத் தாக்கல் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாம் இதில் ஏற வேண்டும். முன்பே அடித்து வைத்த நோட்டீஸை மனு போட்ட பிறகு விநியோகித்தால் அதுவும் செலவுதான். லேப்டாப்பில் எழுதி ராத்திரி பதிவேட்டுக்கு மாற்றலாம் என்று ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே இரண்டும் ஒத்துப்போகவில்லை. நேரடியாகப் பேனாவில் எழுதுங்கள். பிரசார காலத்தில் மூன்று முறை அதிகாரிகள் பார்ப்பார்கள். அப்புறம், மெஷினில் வரும் வழவழப்பு பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் டீசல் பில்லெல்லாம் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது.

படி 3: ரொக்கம்

சொந்தக் காசோ, மாமா தந்ததோ, எல்லாம் முதலில் அந்தக் கணக்குக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது. இது ஒரு நாளைக்கான வரம்பு இல்லை, மொத்தத் தேர்தலுக்கும் சேர்த்து. ஒரே கடையில் தினமும் டீ வாங்கினால் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

படி 4: காசில்லாமல் வந்த உதவி

நான் வழுக்கி விழுந்த இடம் இது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு தெருமுனைக் கூட்டம். பந்தல், நாற்காலி, மைக் செட் எல்லாம் அத்தான் உபயம். பில் கேட்டேன். "ஏலே, நம்ம வீட்டுப் பந்தலுக்கு என்னல பில்லு?" என்றார். சரி என்று செலவு இல்லை என விட்டுவிட்டேன். நாலாம் நாள் கணக்கில் விட்டுப்போனதற்கு விளக்கம் கேட்டு தேர்தல் அதிகாரிகளிடமிருந்து நோட்டீஸ் வந்தது. 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். கூட்டத்தின் ஓரத்தில் தேர்தல் அதிகாரிகள் தரப்பில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நாற்காலி வரிசைகளை நிதானமாகப் படம்பிடித்தார். அதை வைத்து எண்ணி, மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி மதிப்புப் போட்டு, நிழல் பதிவேட்டில் (நம் செலவை அதிகாரிகள் தாங்களே தனியாக எழுதி வைக்கும் கணக்கு) ஏற்றிவிட்டார்கள். என் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இலவசமாக வந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. வெள்ளைப் பக்கத்திலேயே 'பிறர் செய்த செலவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கொடுத்தவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். அத்தானிடம் ஒரு கடிதம் வாங்கி, பட்டியல் விலையில் எழுதி, தவற்றை ஒப்புக்கொண்டு பதில் கொடுத்தோம். முடிந்தது. வேட்பாளர் எழுத்தில் அனுமதிக்காமல் வேறொருவர் அவருக்காகச் செலவு செய்வது தனியாக ஒரு குற்றம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

படி 5: ஒப்படைப்பது

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச் சேர வேண்டும். பதிவேடு, பில்கள், சுருக்க அறிக்கை, பிரமாணப் பத்திரம், எல்லாவற்றிலும் வேட்பாளர் கையெழுத்து. டெபாசிட் போனவருக்கும் விலக்கு இல்லை; கொடுக்காவிட்டால் 3 ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். எங்களுக்கு அது கொரோனா ஊரடங்கு மாதம். பில் வாங்க கடை திறந்திருக்கவில்லை. அன்றன்றைக்கே வாங்குங்கள் என்று நான் கத்துவது அதனால்தான்.

பிற்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

செலவு வரம்பு: எங்களுக்கு 30.8 லட்சம் இருந்தது. 2022-இல் சட்டமன்றத்துக்கு 40 லட்சமாக உயர்த்தினார்கள்.

துபாயில் இருக்கும் மச்சான் அனுப்பலாமா? இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பரிடம் வேட்பாளர் வாங்கக் கூடாது.

கட்சிக்குக் கொடுத்தால்? அது வேறு சட்டம். ஒருவர் ஆண்டில் 20,000-க்கு மேல் கொடுத்தால் கட்சி அந்தப் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் தெரியாமல் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் ரத்து செய்துவிட்டது.

"சித்தப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேட்ட நண்பருக்கு: ஒப்படைத்த கணக்கை ஒரு ரூபாய் கட்டணத்தில் யாரும் பார்க்கலாம் என்று விதியே இருக்கிறது. பார்த்தால் அத்தானின் பந்தல் முகவரியோடு இருக்கும்.