சமையலறைத் தரைக்கு டைல்ஸ் எடுக்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்

டைல்ஸ் கடையில் எல்லா டைல்ஸும் அழகாகத்தான் இருக்கும். சாய்த்து நிறுத்தி, மேலே நாலு விளக்கைப் போட்டு, ஒரு தூசு இல்லாமல் துடைத்து வைத்திருப்பார்கள். தரையில் கிடக்கப் போகிற பொருளை நாம் சுவரில் மாட்டின படம் மாதிரி நின்று பார்த்து முடிவு செய்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பளபளவென்று, முகம் தெரிகிற மாதிரி ஒரு பாலிஷ் டைல். குடிவந்த இரண்டாவது வாரம் அடுப்புக்கு முன்னால் எண்ணெய் கொஞ்சம் சிந்தியது, துணியால் துடைத்தும் விட்டேன், துடைத்ததாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. அரை மணி நேரம் கழித்து கையில் கொதிக்கிற பாத்திரத்தோடு அதே இடத்தில் கால் வைத்தபோது தரை நகர்ந்தது. மேடையின் விளிம்பைப் பிடித்துத் தப்பித்தேன். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒரு ரப்பர் மிதியடி கிடக்கிறது. ஆசைப்பட்டு வாங்கின டைலை மிதியடி போட்டு மூடி வைத்திருக்கிறேன், இதைவிட என்ன சொல்ல.

அதனால் முதல் கேள்வி நிறமும் இல்லை, டிசைனும் இல்லை. ஈரமாகவும் எண்ணெய்ப்பிசுக்காகவும் இருக்கும்போது இது வழுக்குமா என்பதுதான்.

இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. பல டைல்ஸின் பெட்டியிலோ கம்பெனி கேட்லாக்கிலோ ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருக்கும். எஞ்சின் ஆயில் தடவிய ஒரு சாய்தளத்தில் ஆளை ஷூ போட்டு நடக்க விட்டு, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று பார்த்துக் கொடுக்கிற எண் அது. ஆர்9 என்றால் 6 முதல் 10 டிகிரி வரை, ஆர்10 என்றால் 10 முதல் 19 வரை, ஆர்11 என்றால் 19 முதல் 27 வரை. வீட்டுச் சமையலறைக்கு ஆர்10 போதும் என்பது என் கருத்து. வயதானவர்களோ ஓடியாடும் குழந்தைகளோ இருந்தால் ஆர்11 பக்கம் போகலாம். அதற்கு மேலே உள்ளவை ஹோட்டல் சமையலறை, தொழிற்சாலை மாதிரி இடங்களுக்கு. சொரசொரப்பு கூடக் கூட மாப் போடுவது கஷ்டம், அழுக்கு அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் உட்கார்ந்துகொள்ளும். அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று இதில் போக முடியாது.

எண் எதுவும் போடவில்லையா? ஒரு மாதிரி டைலை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். தரையில் போட்டு, அசையாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்து, மேலே கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தேயுங்கள். பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் வைத்துத் தள்ளிப் பாருங்கள், வெறுங்காலோடு ஒருமுறை, வீட்டுச் செருப்போடு ஒருமுறை. காய்ந்த டைலில் கையைத் தடவி 'கிரிப் இருக்கு சார்' என்று சொல்வதற்கு எந்த அர்த்தமும் இல்லை. காய்ந்த தரையில் யாரும் வழுக்குவதில்லை.

சரி, அடுத்தது டைலின் உடம்பு. இதற்குத்தான் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கத்தில் பூச்சு இருக்காது, அங்கே ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் உறிஞ்சி ஈரத்திட்டாகப் பரவினால் அது நீர் உறிஞ்சும் சாதாரண செராமிக். தண்ணீர் அப்படியே குமிழாக நின்றால் விட்ரிஃபைட் அல்லது போர்சலின் வகை. விட்ரிஃபைட் என்று சொல்ல வேண்டுமானால் டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக்கூடாது. சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கும் மேலே உறிஞ்சும். சுவருக்கு அது பிரச்சினை இல்லை. அதே டைலைத் தரையில் போட்டால்தான் வம்பு: உடம்பு மிருதுவானது, கனமான பாத்திரம் விழுந்தால் தாங்காது. நிறம் நன்றாக இருக்கிறது, விலையும் குறைவு என்று சுவர் டைலைத் தரைக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் தரைக்கா சுவருக்கா என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

சமையலறைக்கு என் தேர்வு மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பு இல்லாத மேற்பரப்பு, உள்ள கிளேஸ்டு விட்ரிஃபைட். டபுள் சார்ஜ், ஃபுல் பாடி என்றெல்லாம் கடையில் சொல்வார்கள், அதன் பொருள் ஒன்றுதான், நிறம் எவ்வளவு ஆழம் வரை போகிறது என்பது. கிளேஸ்டில் நிறம் மேலே ஒரு தோல் மாதிரி மட்டும். டபுள் சார்ஜில் சில மில்லிமீட்டர் ஆழம் வரை. ஃபுல் பாடியில் அடி வரைக்கும் ஒரே நிறம். இது எப்போது முக்கியம் என்றால், இடிகல் கைநழுவி விழுந்து ஓரத்தில் ஒரு சில்லு பெயரும்போது. கிளேஸ்டில் உள்ளே இருக்கிற வேறு நிறம் பல்லைக் காட்டும், ஃபுல் பாடியில் தேடித்தான் பார்க்க வேண்டும். கடையில் உடைந்த துண்டு ஒன்று கட்டாயம் கிடக்கும், அதன் விளிம்பைப் பாருங்கள், விற்பவர் பேச்சைவிடத் தெளிவாகச் சொல்லும். ஆனால் டபுள் சார்ஜ் பெரும்பாலும் பாலிஷ் போட்டுத்தான் வருகிறது, பாலிஷ் என்றால் மறுபடியும் என் ரப்பர் மிதியடிக் கதைதான்.

பாலிஷ் டைலில் இன்னொரு விஷயம், மெருகேற்றும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். அழியாத மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அரை மணி நேரம் விட்டு, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். நிழல் மாதிரி ஒரு கோடு மிஞ்சினால் நாளைக்குக் காபிக் கறையும் அப்படித்தான் மிஞ்சும்.

கிளேஸ்டு டைலுக்கு பிஇஐ என்று 0 முதல் 5 வரை ஒரு தேய்மான எண் உண்டு. சமையலறைக்கு 3 குறைந்தபட்சம், 4 இருந்தால் நிம்மதி. வெளியிலிருந்து மண் ஒட்டின செருப்போடு நேராக உள்ளே வருகிற கதவு இருக்கிறதென்றால் 4-க்குக் கீழே போகவே வேண்டாம்.

இயற்கைக் கல் பற்றிச் சுருக்கமாக: மார்பிள் வேண்டாம். அது கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் அங்கே பளபளப்பு போய் வெள்ளைத் தடம் நிற்கும், துடைத்தாலும் போகாது, அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டது. கிரானைட் தாங்கும்.

இப்போது அளவு. இங்கேதான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சமையலறை 10 அடிக்கு 8 அடி என்று வைத்துக்கொள்வோம், 80 சதுர அடி. நீங்கள் எடுத்தது 600 மி.மீ.க்கு 600 மி.மீ. டைல், கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்பார்கள், ஆனால் அது 4 சதுர அடி இல்லை, 3.87 தான். 80-ஐ 3.87-ஆல் வகுத்தால் 21 டைல்ஸ், சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்து 23 என்று கணக்கு வரும். இனி நீளத்தைப் பாருங்கள். 10 அடி என்பது 3048 மி.மீ. இடைவெளி 2 மி.மீ. விட்டால் ஐந்து டைல்ஸ் 3010-ஐ எடுத்துக்கொள்ளும், மிச்சம் 38 மி.மீ. சுவரோரம் இரண்டு பக்கமும் 5 மி.மீ. விட வேண்டும் என்பதால் கடைசியில் மூன்று விரற்கடை அகலம்கூட இல்லாத ஒரு கீற்றை வெட்டி ஒட்ட வேண்டும். அகலத்திலும் அதே கதை, 8 அடி என்பது 2438, நாலு டைல்ஸ் 2408.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்திலும் அரை டைலுக்குச் சற்று மேலான துண்டுகள் வருகிற மாதிரி போடுவது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் துண்டு 30 செ.மீ.யைத் தாண்டுவதால் ஒரு டைலிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும், நீளத்துக்கு 6, அகலத்துக்கு 5, ஆக 30 டைல்ஸ். 23 எங்கே, 30 எங்கே! இன்னொன்று, கதவுப் பக்கத்திலிருந்தும் கண்ணில் படுகிற பக்கத்திலிருந்தும் முழு டைலாக ஆரம்பித்து, அந்தக் கீற்று மேடைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற மாதிரி பார்ப்பது. 23-லேயே முடிந்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஆனால் மேடையும் அலமாரியும் எந்தப் பக்கம் வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், சதுர அடியை மட்டும் கேட்டு பில் போடுகிற கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் கட்டம் போட்ட தாளில் ஒரு படம் வரைந்துகொண்டு போங்கள். மூலைவிட்டமாகச் சாய்த்துப் போடுவதென்றால் சேதாரம் 15 சதவீதம் வையுங்கள்.

பெரிய டைல் போட்டால் இணைப்புகள் குறையும், துடைப்பது சுலபம், உண்மைதான். ஆனால் 1200 மி.மீ. நீளப் பலகையைச் சின்னச் சமையலறையில் போட்டால் பாதி வெட்டிலேயே போய்விடும். நீளமான டைல்ஸில் இன்னொரு சிக்கல், அவை நடுவில் இம்மியளவு வில் மாதிரி வளைந்திருக்கும். கடையில் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். செங்கல் சுவர் மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போட்டால் ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து கால் இடறும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

நிறத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. சுத்த வெள்ளையில் ஒரு முடி விழுந்தாலும் தெரியும், சுத்தக் கறுப்பில் காய்ந்த தண்ணீர்த் துளியும் மாவுத் தூசும் தெரியும். நடுத்தரச் சாம்பல், மணல் நிறம், கொஞ்சம் புள்ளியும் ரேகையும் கலந்தது, இவைதான் நம் சோம்பேறித்தனத்தை மன்னிப்பவை.

அப்புறம் கிரவுட், டைல்ஸுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்கிற பூச்சு. டைலுக்கு ஒரு மாதம் அலைந்தவர்கள் கிரவுட்டை மேஸ்திரியிடம் விட்டுவிடுவார்கள், அவர் கையில் இருந்த வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பூசிவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து அடுப்புக்கு முன்னால் மட்டும் கோடுகள் பழுப்பாகும், அது டைலின் குற்றம் இல்லை. சிமென்ட் கிரவுட் எண்ணெயை உறிஞ்சும். பிசின் வகையான எபாக்ஸி கிரவுட் உறிஞ்சாது, கறை பிடிக்காது, விலை கூடுதல், பூசுவதற்கும் கை வேண்டும்: குழைத்ததும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும், டைல் மேல் வழிந்ததை அப்போதே துடைக்காவிட்டால் மூட்டமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மேட் டைலில் அதைச் சுரண்டி எடுப்பது பெரும் பாடு. அதனால் எபாக்ஸி போட்டுப் பழகிய ஆளா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிமென்ட் கிரவுட்தான் என்றால் வெள்ளை வேண்டாம், டைலைவிட ஒரு படி அடர்ந்த நிறம் எடுங்கள், அதன்மேல் உறிஞ்சுவதைத் தடுக்கிற சீலர் பூசுங்கள், ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஆசிட் சிமென்ட்டைத்தான் முதலில் தின்னும். ஓரம் சீராக அறுத்து வருகிற ரெக்டிஃபைடு டைலுக்கு 2 மி.மீ. இடைவெளி போதும், மற்றவற்றுக்கு 3 மி.மீ. வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டைல் விரிவதற்கு இடம் இல்லாமல் ஒருநாள் தூக்கிக்கொள்ளும்.

விட்ரிஃபைட் தண்ணீரை உறிஞ்சாது என்றேன் அல்லவா, அதே காரணத்தால் சிமென்ட் பாலையும் அது பிடித்துக்கொள்ளாது. பழைய முறையில் சிமென்ட் பால் ஊற்றி ஒட்டினால் நாள்பட பெயர்ந்து வரலாம். டைல் ஒட்டுவதற்கென்றே வருகிற பசையான அட்ஹெசிவ் வாங்கிக் கொடுங்கள், பல்லுள்ள கரண்டியால் தரை முழுக்க வாரிப் பூசச் சொல்லுங்கள், நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைக்க விடாதீர்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம், அந்த இடத்தில் கனமாக ஏதாவது விழுந்தால் டைல் இரண்டாகும். கிரவுட் பூசுவதற்கு முன்பே, அட்ஹெசிவ் காய்ந்ததும், ஒவ்வொரு டைலையும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும், வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டின மாதிரி 'டொம்' என்று கேட்கும். அதில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைசிப் பணத்தைக் கையில் வைத்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண், ஷேடு, காலிபர் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். காலிபர் என்பது துல்லியமான அளவு, அது மாறினால் கோடுகள் நேராக வராது. கணக்கு 23 என்றால் நாலு டைல் உள்ள பெட்டியில் ஆறு பெட்டி, அதற்கு மேல் ஒரு பெட்டி சேர்த்து எடுத்துப் பரணில் போட்டு வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு டைல் உடைந்து அதே மாடலைத் தேடிப் போனால், பெயர் அதேதான் இருக்கும், நிறம் அதுவாக இருக்காது. பரணில் ஏற்றும் முன் அந்தப் பெட்டியின் எண்கள் உள்ள பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கிரவுட் பாக்கெட்டின் நிற எண்ணையும் சேர்த்து.