ஊரில் காலி நிலம் வாங்கக் கடன்: கொங்கு நாட்டிலிருந்து புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

முதல் சம்பளம் கணக்கில் ஏறிய செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், நம் பக்கத்து வீடுகளில் அடுத்த பேச்சு நிலம்தான். "நம்ம மேட்டாங்காட்டை ஒட்டி நாலு ஏக்கரா வெலைக்கு வருது கண்ணு, உட்டா வேற ஆளு கிரயம் பண்ணிக்குவான்" என்று அப்பா போனில் சொல்வார். காங்கேயம், கோபி, தாராபுரம், அன்னூர் என்று எந்த ஊராக இருந்தாலும் பேச்சு இதே மாதிரிதான். நீங்களும் எவ்வளவு கடன் கிடைக்கும், இஎம்ஐ எவ்வளவு வரும் என்று அன்று ராத்திரியே கணக்குப் போடுவீர்கள்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, பட்டாவில் அந்த நிலம் என்னவாக இருக்கிறது என்பதுதான். நஞ்சையா, புஞ்சையா, அங்கீகாரம் பெற்ற மனையா? நீங்கள் அதை வாங்கலாமா, வங்கி அதற்குக் கடன் தருமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் வாழும் இந்தியர் (என்ஆர்ஐ), வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இருவருமே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிப்படி இந்தியாவில் விவசாய நிலம், தோட்டப்பயிர் எஸ்டேட், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். இந்த இடத்தில் புதிதாக வந்தவர்கள் ஒரு குழப்பத்தில் மாட்டுகிறார்கள். "நான் வந்தே மூணு மாசம்தான் ஆச்சு, 182 நாள் ஆகாம என்ஆர்ஐ ஆக மாட்டேனே" என்பார்கள். அந்த நாள் கணக்கு வருமான வரிக்கானது. ஃபெமாவில் வேலைக்கென்று நாட்டை விட்டுக் கிளம்பினாலே நீங்கள் வெளிநாட்டுவாசிதான். படிக்க வந்த மாணவர்களையும் ரிசர்வ் வங்கி அப்படித்தான் பார்க்கிறது.

விவசாயி அல்லாதவரும் தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு புரோக்கர், "இங்க யாரு வேணாலும் வாங்கலாமுங்க, பத்திர ஆபீஸ்ல யாரும் கேக்க மாட்டாங்க" என்று தைரியம் சொல்வார். கேட்காமல் பதிவாகிவிடவும் கூடும். பத்திரம் பதிவாகிவிட்டதால் விதிமீறல் இல்லையென்று ஆகிவிடாது. பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பரம்பரையாக வருவதற்குத் தடையில்லை. நீங்கள் ஊரில் இருந்தபோது உங்கள் பெயரில் வாங்கிய தோட்டமும் உங்களுடையதுதான், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். என்றாவது விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். அப்பாவுக்குப் பின் வாரிசாகவோ உயில் மூலமோ காடு உங்களுக்கு வரலாம். ஆனால் அவர் இருக்கும்போதே அதை உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதக்கூடாது. நம் ஊரில் செட்டில்மென்ட் எழுதுவது ரொம்பச் சாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்த பையனைக் கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.

அப்புறம் இந்த 'ஃபார்ம் லேண்ட்' விளம்பரங்கள். பொள்ளாச்சிப் பக்கம், ஆனைகட்டிப் பக்கம் பத்து செண்ட், இருபது செண்ட்டாகப் பிரித்து, நாலு தென்னங்கன்று நட்டு, கேட் போட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டாவில் அது விவசாய நிலம். உங்களால் வாங்க முடியாது, வங்கியும் மனைக்கடன் தராது. மலையடிவார கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு வேறு இருக்கிறது, பின்னால் வீடு கட்டவும் சிக்கல். இந்த வகையை நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்வேன்.

சரி, வங்கி எதற்குத்தான் தருகிறது? டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், அங்கீகரித்த வீட்டுமனைக்கு. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், பதிவு எண்ணும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத பழைய மனையென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா, அதன்பின் அரசிடம் வரன்முறை செய்து முறைப்படுத்தினார்களா என்று பார்க்க வேண்டும்.

மனைக்கடனும் வீட்டுக்கடனும் ஒன்றல்ல. மனைக்கு வட்டி பொதுவாகச் சற்றுக் கூடுதல், தவணைக் காலம் குறைவு. இத்தனை வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்று பல வங்கிகள் எழுதி வாங்கும். கட்டாமல் போட்டுவைத்தால் வட்டிக்கு வரிச்சலுகையும் கிடையாது.

கையில் எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அவிநாசிப் பக்கம் ஒரு சைட் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 70 சதவீதம் தந்தால் 14 லட்சம் ஆயிற்று. மீதி 6 லட்சம் உங்களுடையது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 80 ஆயிரம். வங்கி இதற்குக் கடன் தராது. அதற்கு மேல் பத்திர எழுத்துக் கூலி, லீகல், மதிப்பீட்டாளர், எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு. கையில் 8 லட்சம் சொச்சம் இல்லாமல் இறங்கக்கூடாது. அந்த மீதிப் பணத்துக்கு இங்கே பர்சனல் லோன் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். வேலை உறுதியாகாத முதல் வருடத்தில் இரண்டு நாட்டில் கடன் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

இன்னொரு கஷ்டம், பத்திர விலை. "பத்திரத்துல கைடுலைன் போட்டுக்கலாம், மீதிய ரொக்கமா குடுத்துருங்க" என்பது ஊர் வழக்கம்; கைடுலைன் என்பது அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு. 20 லட்சம் பேசிய இடத்துக்குப் பத்திரத்தில் 12 லட்சம் போட்டால் வங்கி அந்த 12-க்குத்தான் கணக்குப் பார்க்கும், கடன் 8 லட்சத்து 40 ஆயிரமாகச் சுருங்கிவிடும். அது போக, என்ஆர்ஐ கொடுக்கும் பணம் முழுதும் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பலாம், வெளிநாட்டுவாசிகளுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கலாம், ரொக்கம் மட்டும் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, "முழு வெலையும் பத்திரத்துல வரணுமுங்க" என்று பேசிவிடுங்கள். சிலர் விலையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், சிலர் விலகிப்போவார்கள். போகட்டும்.

வங்கி கேட்கும் காகிதங்கள் பெரிய மர்மமில்லை: பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறும் கணக்கின் அறிக்கை. வெளிநாட்டு வேலையில் குறிப்பிட்ட காலம் முடிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள்; அதனால் வந்த வேகத்தில் விண்ணப்பித்துப் பயனில்லை. காத்திருக்கும் நேரத்தில் சிபிலை, அதாவது நீங்கள் கடன் கட்டிய பதிவை, பாருங்கள். படிப்புக்கடன் தவணை ஊர்க் கணக்கில் காசில்லாமல் இரண்டு மாதம் திரும்பியிருந்தால் அது அங்கே அப்படியே நிற்கும்.

நீங்கள் ஊரில் இல்லாததால் பத்திரப்பதிவுக்கு யாருக்காவது பவர் கொடுக்க வேண்டிவரும். பொது அதிகாரம் வேண்டாம்; இந்த மனை, இந்தக் கடன் என்று குறிப்பிட்ட பவர் போதும். வங்கியிடம் அவர்களுடைய வாசகத்தை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்புங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். அப்பா அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டால் வேலை கெட்டது.

இனி நிலத்தைப் பார்க்கும் விஷயம். பார்க்கப் போகிறவருக்கு மூன்றைச் சொல்லி அனுப்புங்கள். முதலாவது தடம். நம் பக்கம் பல நிலங்களுக்கு இட்டேரி வழியாகவோ அடுத்தவர் காட்டு ஓரமாகவோதான் போக வேண்டும். கிளுவை வேலிக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம் கண்ணுக்குத் தெரிவது போதாது. புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) அது இருக்கிறதா, பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்', அதாவது வழக்கமாக வண்டி போய்வரும் உரிமை, எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக்காட்டுக்காரர் ஒருநாள் நாலு கல் நட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது, தலைக்கு மேல். ராய்கர் – புகளூர் மின்பாதை மாதிரி உயர்மின் கோபுரங்கள் கொங்கு மண்ணில் நிறையவே ஓடுகின்றன. கம்பிக்கு அடியில் கட்டடம் எழுப்ப முடியாது. நஷ்டஈடு வாங்கிக்கொண்ட பழைய உரிமையாளர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

மூன்றாவது, பெண் வாரிசுகளின் கையெழுத்து. மனை ஆவதற்கு முன் அந்த இடம் யாரோ ஒரு குடும்பத்தின் பூமியாக இருந்திருக்கும். "பொண்ணுகளுக்கெல்லாம் சீர் செஞ்சு அனுப்பிச்சாச்சுங்க, அவங்க கேக்க மாட்டாங்க" என்பார்கள். 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் மத்திய அரசும் மகள்களுக்கும் சம உரிமை தந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பேச்சு செல்லாது. தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் எழுதிய விடுதலைப் பத்திரம் இல்லையென்றால் வங்கி வக்கீலே கோப்பைத் திருப்பிவிடுவார். வாய்மொழியாகப் பாகம் பிரித்து, பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும் இடங்களுக்கும் அதே கதிதான். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இங்கிருந்து பார்க்கலாம். "அத்திக்கடவு – அவிநாசித் தண்ணி வருது, வெலை ஏறும்" என்று சொல்லி அவசரப்படுத்துவார்கள். 2024 ஆகஸ்டில் அந்தக் குளம் நிரப்பும் திட்டம் தொடங்கியது உண்மைதான். குளம் நிறைவதால் பட்டாவில் இருக்கும் குறை தீராது.

நாலு ஏக்கராவை விடவே மனசில்லை என்றால், ஊரில் இருக்கும் அப்பாவோ மனைவியோ தங்கள் பெயரில் வாங்கலாம். கூட்டாக உங்கள் பெயரைச் சேர்க்க முடியாது. அப்பாவுக்கு நீங்கள் அனுப்பும் பணம் அன்பளிப்பு, அதற்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். "பேர்தான் அவருது, நிலம் என்னுது" என்று வைத்துக்கொண்டால் பினாமிச் சட்டத்தில் போய் நிற்கும். அவர் உயில் எழுதாமல் போய்விட்டால் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சம பங்கு உண்டு. உங்கள் காசு என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது. கடன் வேண்டுமென்றால், ஸ்டேட் பாங்கில் நிலம் வாங்கும் கடன் இருக்கிறது. ஐந்து ஏக்கருக்குக் குறைவான மானாவாரி அல்லது இரண்டரை ஏக்கருக்குக் குறைவான பாசன நிலம் வைத்திருப்பவர்களுக்கும், நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்கும் அது. பழைய கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவும் வேண்டும். பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அப்பாவுக்கு அந்தக் கதவு திறக்காது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மனைக்கடன் வாங்கும்போது பதியும் எம்ஓடி வில்லங்கச் சான்றில் ஏறும். கடனை அடைத்ததும் அது தானாக இறங்காது. வங்கியிடம் ரசீதுப் பத்திரம் வாங்கி அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கடன் முடிகிற வருடம் ஊருக்குப் போகும்போது, கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் கிளம்பும் முன் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.