பகுதிக்கு ஒரு ஃபில்டர்: புதியவர்கள் சொதப்பும் இடங்கள்

ஒரே வீடியோவில் தொடக்கம் கருப்பு வெள்ளை, நடுப்பகுதி பழுப்பு, கடைசி இயல்பான நிறம். எடிட்டிங் பழகும் எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்க்கிற வேலை. விழுகிற குழிகளும் அதே பழைய குழிகள்தான். ‘அடிக்கடி சேவ் பண்ணுங்கள், ஃபில்டரை அளவோடு போடுங்கள்’ என்பதையெல்லாம் நிறையப் பேர் சொல்லியாயிற்று, விட்டுவிடுகிறேன்.

துண்டு துண்டாக எக்ஸ்போர்ட் செய்து ஒட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு தம்பி நேர்காணல் வீடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். பேச்சுக்கு நடுவே ‘டிக்’ என்று சத்தம். இருட்டான பின்சுவரில் பட்டை பட்டையாகக் கோடுகள். போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கேமரா சரியில்லை என்றார். ஃபோல்டரைத் திறந்தால் ‘பார்ட் 1 ஃபைனல்’, ‘பார்ட் 2 ஃபைனல் புதுசு’ என்று வரிசையாக ஃபைல்கள். கேமரா பாவம், அது என்ன செய்யும்?

எச்.264 போன்ற, ஃபைலைச் சுருக்கும் வடிவங்களில் எக்ஸ்போர்ட் செய்யும்போதெல்லாம் படத்தில் கொஞ்சம் தகவல் போய்விடும். துண்டுகளாக ஒருமுறை, ஒட்டிய பிறகு மறுமுறை என்று இழப்பு சேர்கிறது. 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பது அதிலும் சொற்பம். அதை ஃபில்டர் இழுத்து வெளிச்சமாக்கினால் கோடு தெரியாமல் என்ன செய்யும்?

ஒலியிலும் சிக்கல் உண்டு. ஏஏசி என்ற சுருக்க வடிவில் ஒலி 1024 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) கொண்ட கட்டங்களாகச் சேமிக்கப்படுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ் என்றால், ஒரு கட்டம் ஏறக்குறைய 21 மில்லிவிநாடி. நீங்கள் வெட்டிய இடம் கட்டத்தின் விளிம்பில் அமைவது அபூர்வம், மிச்சத்தை மௌனம் நிரப்பும். ஒட்டும்போது அது சத்தமாகவோ நகர்வாகவோ வெளியே வரும். இதற்கெல்லாம் மேல், ‘பழுப்பைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்று யாராவது கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

சரியான வழி இதைவிடச் சுலபம். முழு வீடியோவையும் டைம்லைனில் வையுங்கள். தேவையான இடங்களில் ரேசரால் வெட்டி, துண்டுக்கு ஒரு ஃபில்டர் போடுங்கள். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் மாதிரியானவற்றில் வெட்டவே வேண்டாம், மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள படத்துக்கு ஃபில்டரைக் கடத்தும் வெற்று அடுக்கு) போதும். ஒலியைத் தொடாதீர்கள். எக்ஸ்போர்ட் கடைசியில் ஒரே முறை. இடையில் ஃபைல் எடுத்தே தீரவேண்டும் என்றால் இழப்பு மிகக் குறைவான புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவில் எடுங்கள்.

ட்ராக்கில் ஃபில்டர் போடுவது

க்ளிப்பை (ஒரு துண்டை) தேர்ந்தெடுத்தோமா, ட்ராக்கையா (துண்டுகள் இருக்கும் முழு வரிசையையா) என்று பாருங்கள். ட்ராக் என்றால் அதிலுள்ள எல்லாத் துண்டும் நிறம் மாறும்.

வெட்டிய பிறகு ஸ்டெபிலைசர்

வேண்டாம். படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் இந்தக் கருவி ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கணக்கிட்டு, தனித்தனி அளவில் ஓரத்தை வெட்டும். இணைப்பில் படம் குதிக்கும்.

நிறத்தைச் சரிசெய்யாமல் லுக் போடுவது

முதலில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிவது). பழுப்பு மாதிரியான லுக் அப்புறம்.

ஒரு ஃப்ரேம் பிசகு

அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒரே ஒரு ஃப்ரேம் முன்னதாக முடிந்தாலும் பழைய நிறம் மின்னிவிட்டுப் போகும். 25 ஃப்ரேம் வீடியோவில் அது 0.04 விநாடிதான், ஆனாலும் கண் பிடித்துவிடும். ஸ்னாப்பை (ஓரங்களைத் தானாக ஒட்டவைக்கும் வசதி) ஆன் செய்து, டைம்லைனைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இணைப்பையும் அம்புக்குறிப் பொத்தானால் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தாண்டிப் பாருங்கள்.